பதிமூன்றால் வகுத்த சம்பளம்: மிச்சிகனில் வேலை இழந்தவர்களுக்கு நடந்தது

வேலை போன சமயத்தில் அரசிடம் வாராவாரம் உதவித்தொகை வாங்கியிருக்கிறீர்கள். அப்புறம் வேறு வேலை கிடைத்துவிட்டது. அந்த இணையக் கணக்கைத் திறந்து பார்த்தே ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் அந்தக் கணக்குக்குள் ஒரு கேள்வித்தாள் வந்து விழுகிறது. அதில் ஒரு கேள்வி: 'உங்களுக்கு உரிமையில்லாத பணத்தைப் பெறுவதற்காக வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தீர்களா?' இன்னொன்று: 'இந்தப் பணத்துக்கு உங்களுக்கு உரிமை உண்டு என்று ஏன் நினைத்தீர்கள்?' இதற்கான பதில்களை அவர்களே அடுக்கிக் கொடுத்திருக்கிறார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'எனக்குப் பணம் தேவைப்பட்டது' என்பது அதில் ஒன்று.

எந்த வாரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், எவ்வளவு தொகை, எதை வைத்துச் சந்தேகம் வந்தது என்று அதில் எங்கும் இருக்காது. பத்து நாளுக்குள் பதில் வரவில்லையென்றால் நீங்கள் மோசடிக்காரர். பணம் தேவைப்பட்டது என்று உண்மையைச் சொல்லிவிட்டால், அப்போதும் மோசடிக்காரர்தான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2013 அக்டோபர் முதல் 2015 ஆகஸ்ட் வரை இப்படி 40,000 பேருக்கு மேல் மோசடிப் பட்டம் கட்டினார்கள். கட்டியது ஒரு கணினி. கையெழுத்துப் போட்ட அதிகாரி என்று ஒருவரும் கிடையாது. பின்னால் எடுத்துப் பார்த்தபோது அந்தத் தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை தவறு என்று மாநில அரசே ஒப்புக்கொண்டது. இந்த விவகாரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் 'தானியங்கி முறையின் ஆபத்து' என்றே பேசுகிறார்கள். அது சரிதான். ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னும் சின்ன விஷயம், ஒரு வகுத்தல் கணக்கு. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, வாராந்திர உதவித்தொகை எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வாரம் என்கிற அலகு

அமெரிக்காவில் வேலையின்மை உதவித்தொகை தானமோ நிவாரணமோ கிடையாது, காப்பீடு. 1932-இல் விஸ்கான்சின் மாநிலம்தான் முதலில் சட்டம் போட்டது. 1935 ஆகஸ்டில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. மிச்சிகனின் சட்டம் 1936-இல் வந்தது. இதற்கான பிரீமியத்தைக் கட்டுவது முதலாளி. நம் ஊர் பி.எஃப். மாதிரி ஊழியரின் சம்பளத்திலும் பிடிக்கும் வழக்கம் அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும்தான். மிச்சிகனில் ஊழியர் எதுவும் கட்டுவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் மாநிலத்துக்கு வரி கட்டுகிறது. அதில் ஆள் குறைத்த நிறுவனத்துக்கு விகிதம் ஏறும். ஆகவே வேலை போனவர் விண்ணப்பம் போட்டால் பழைய முதலாளிக்குக் கடிதம் போகும். அவர் ஏன் போனார், நீக்கினீர்களா, தானே விட்டாரா என்று கேட்பார்கள். முதலாளிக்கு அதில் சொந்தப் பண அக்கறை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

தகுதியை முடிவு செய்ய, விண்ணப்பத்துக்கு முன்னால் முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கை எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றில் அதிகம் சம்பாதித்த காலாண்டின் தொகையில் 4.1 சதவீதம்தான் அந்தக் காலத்தில் வாரத் தொகை. வீட்டில் உங்களை நம்பியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் 6 டாலர் சேர்த்தார்கள், அதிகபட்சம் ஐந்து பேர் வரை. எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் வாரத்துக்கு 362 டாலருக்கு மேல் கொடுக்கவில்லை. அந்த உச்சவரம்பு 2002-இல் வைத்தது. முன்பெல்லாம் 26 வாரம் வரை கொடுத்தார்கள், 2012 முதல் 20 வாரமாகக் குறைத்துவிட்டார்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பணம் தானாக வந்துகொண்டே இருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொலைபேசியிலோ இணையத்திலோ போய் உறுதிமொழி கொடுக்க வேண்டும். தொலைபேசி முறைக்கு மார்வின் என்று பெயர், இணையக் கணக்குக்கு மைவாம். இரண்டு வாரத்தையும் சேர்த்துக் கேட்க மாட்டார்கள், தனித்தனியாகக் கேட்பார்கள். ஞாயிறு முதல் சனி வரை ஒரு வாரம். அந்த வாரத்தில் வேலை செய்தீர்களா? எவ்வளவு சம்பாதித்தீர்கள்? வேலை கொடுத்தால் போகும் நிலையில் இருந்தீர்களா? தேடினீர்களா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, சொன்னது உண்மை என்று உறுதி கூற வேண்டும்.

சம்பாத்தியக் கேள்வியில்தான் நல்லவர்களும் தடுக்கி விழுவார்கள். சம்பளம் கைக்கு வந்த வாரத்தை எழுதக் கூடாது, வேலை செய்த வாரத்தை எழுத வேண்டும். பிடித்தம் போகக் கிடைத்த தொகையை எழுதக் கூடாது, பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையை எழுத வேண்டும். பகுதிநேரமாக நான்கு மணி நேரம் வேலை செய்தவர், சம்பளச் சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே, மணிக்கூலியால் பெருக்கிப் பார்த்துத் தொகையைச் சொல்லியாக வேண்டும். ஐந்து பத்து டாலர் இப்படி அப்படி ஆகலாம். ஆனாலும் இந்த முறையில் ஒரு நியாயம் இருக்கிறது: ஒரு வாரத்தில் வேலை இல்லையென்றால் அந்த வாரத்துக்குப் பணம். போன வாரமும் அடுத்த வாரமும் வேறு கணக்கு. இந்தத் திட்டம் நிற்பதே வாரம் என்கிற அலகின் மேல்தான்.

இன்னொரு பக்கம், நிறுவனங்கள் மாநிலத்துக்குச் சம்பளக் கணக்கைக் கொடுப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இன்னாருக்கு இந்தக் காலாண்டில் மொத்தம் இவ்வளவு என்று ஒரே ஓர் எண். அந்த எண்ணுக்குள் வாரம் கிடையாது.

இயந்திரம் வந்த நேரம்

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் மனு போட்டன. மிச்சிகனில் அந்த வருடம் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. மாநிலத்தின் உதவித்தொகை நிதி காலியாகி, மத்திய அரசிடம் 300 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கித்தான் சமாளித்தார்கள். உதவித்தொகையைக் கொடுக்கும் மாநில அமைப்பின் அலுவலகத்தில் இருந்ததோ முப்பது வருடப் பழைய கணினி. 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகரமே திவால் மனு போட்டது. அதே வருடம் அக்டோபரில், சுமார் 4.7 கோடி டாலர் செலவில் புதிய முறை வந்தது. பெயர் மைடாஸ். ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை இழந்தவர்களுக்கு உதவ வேண்டிய அலுவலகமே ஆட்களை வேலையிலிருந்து எடுத்தது.

புதிய மென்பொருள் கொண்டுவந்ததில் தவறு எதுவும் இல்லை. பழைய கணினியை மாற்றித்தான் ஆக வேண்டும். மோசடியும் உண்மையில் நடக்கத்தான் செய்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே உதவித்தொகை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. சம்பளக் கணக்கையும் வார உறுதிமொழியையும் ஒப்பிட்டுப் பார்த்து, சந்தேகமானதை ஓர் ஆளிடம் கொடுத்தால் அவர் நிறுவனத்துக்குப் போன் போட்டு, 'இவர் எந்தெந்த வாரம் வேலைக்கு வந்தார்?' என்று கேட்பார். பழைய முறையில் அதைத்தான் செய்தார்கள். மைடாஸில் அந்த ஆளை எடுத்துவிட்டு, அவர் செய்த போன் காலுக்குப் பதிலாக ஒரு வகுத்தலை வைத்தார்கள்.

அந்த வகுத்தல்

ஒருவரை எண்களோடு எடுத்துக்கொள்வோம், உண்மையான ஆள் இல்லை, கணக்குக்காகத்தான். ஒரு தொழிற்சாலையில் வாரம் 650 டாலர் சம்பளம். ஒரு காலாண்டுக்கு 13 வாரம், முழுக் காலாண்டும் வேலை செய்தால் 8,450 டாலர். அதில் 4.1 சதவீதம் என்றால் வார உதவித்தொகை 346 டாலர்.

ஜனவரியிலிருந்து ஏழு வாரம் வேலை செய்கிறார். பிப்ரவரி நடுவில் லே-ஆஃப். அடுத்த ஆறு வாரம் வீட்டில். அந்த ஆறு வாரத்துக்கும் 'சம்பாத்தியம் பூஜ்யம்' என்று உறுதி கூறி 346 டாலர் வீதம் 2,076 டாலர் வாங்குகிறார். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

காலாண்டு முடிந்ததும் நிறுவனம் மாநிலத்துக்குக் கணக்கு அனுப்புகிறது: இவருக்கு இந்தக் காலாண்டில் கொடுத்தது 4,550 டாலர். இதுவும் உண்மை. ஏழு வாரச் சம்பளம் அவ்வளவுதான்.

இப்போது இயந்திரம் 4,550-ஐ 13-ஆல் வகுக்கிறது. வாரத்துக்கு 350 டாலர். ஆக, இவர் பதிமூன்று வாரமும் வாரம் 350 சம்பாதித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறது. அப்படியானால் வீட்டில் இருந்த ஆறு வாரத்திலும் 350 டாலரை மறைத்துப் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறார். ஆறு வாரம் ஆறு பொய்.

தொழிலாளி சொன்னதும் உண்மை, நிறுவனம் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைக்கு நடுவில் ஒரு பொய்யை உண்டாக்கியது அந்த வகுத்தல் மட்டும்தான். மூன்றாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்கூட இதைப் பிடித்துவிடுவார். ஏழு நாள் மழை பெய்து ஆறு நாள் வெயில் அடித்தால், பதிமூன்று நாளும் பாதி மழை என்று யாரும் சொல்வதில்லை.

யோசித்துப் பாருங்கள், இந்தக் கணக்கில் யார் மாட்டுவார்கள்? காலாண்டின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வேலையில்லாமல் இருந்தவர் மாட்ட மாட்டார், அவருடைய சம்பளம் பூஜ்யம், வகுத்தாலும் பூஜ்யம். காலாண்டின் நடுவில் வேலை போனவரும், நடுவில் வேலை கிடைத்தவரும்தான் மாட்டுவார்கள். வேலை என்பது ஏப்ரல் 1-இலோ ஜூலை 1-இலோ சரியாகப் போகவும் போகாது, கிடைக்கவும் கிடைக்காது. சீக்கிரம் வேலை தேடிக்கொண்டு உதவித்தொகையை நிறுத்தியவர், அதாவது அரசு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொன்னதோ அப்படியே நடந்தவர், மோசடிக்காரர் ஆனார்.

இது தவிர, விலகிய காரணத்தில் முதலாளி ஒன்றும் தொழிலாளி ஒன்றும் எழுதியிருந்தால், அந்த முரண்பாட்டையும் இயந்திரம் மோசடிக்கான அடையாளமாக எடுத்துக்கொண்டது. ஆள் குறைத்தால் வரி ஏறும் என்று மேலே சொன்னேன். அதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

அப்புறம், பழைய கணக்குகளையும் தோண்டினார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய உறுதிமொழிகள் வரை அதே வகுத்தலைப் போட்டார்கள்.

பதில் வராத கேள்வித்தாள்

கேள்வித்தாள்கள் பெரும்பாலும் போனது மைவாம் கணக்குக்குள். உதவித்தொகையை நிறுத்திப் பல மாதம் ஆனவர் அதைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. அஞ்சலில் போனவை பழைய முகவரிக்குப் போயின. வேலை போய் வாடகை கட்ட முடியாதவர்கள் முதலில் மாற்றுவது வீட்டைத்தான். பத்து நாள் கழித்து இயந்திரமே தீர்ப்பை எழுதி அதே முகவரிக்கு அனுப்பியது. அதிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தீர்ப்பு இறுதி.

தொலைபேசியில் கேட்கலாம் என்றால் எடுக்க ஆள் போதவில்லை. மிச்சிகனில் மேல்முறையீட்டுக்குப் போகும் தொழிலாளிக்கு உதவ அரசுச் செலவிலேயே ஒரு வாதாடுபவரைத் தரும் திட்டம் இருந்தது. ஆனால் மோசடிக் குற்றச்சாட்டு என்றால் அந்த உதவி கிடையாது. யாருக்கு அது மிக அதிகமாகத் தேவையோ அவருக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது. இந்த வழக்கைப் படித்ததில் என்னை மிகவும் கோபப்பட வைத்தது இதுதான். வகுத்தலைத் தவறு என்று சொல்லலாம், கவனக்குறைவு என்று சொல்லலாம். இந்த விதியை ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்.

அபராதம் நான்கு மடங்கு. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் நான்கு மடங்கு, அதற்கு மேல் வருடத்துக்கு 12 சதவீத வட்டி. நம் கணக்கு ஆளையே பார்ப்போம். 2,076 டாலர் அசல். நான்கு மடங்கு 8,304. மொத்தம் 10,380 டாலர், வட்டி தனி. முழு வருடமும் வேலை செய்தால் 33,800 டாலர் சம்பாதிக்கிறவர், ஆறு வாரம் வேலை இல்லாமல் இருந்ததற்கு ஏறத்தாழ நான்கு மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டும்.

கட்டாவிட்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. புதிய வேலையின் சம்பளத்தில் கால் பங்கு வரை பிடித்தார்கள். வருமான வரியில் திரும்பி வர வேண்டிய ரீஃபண்டை நடுவிலேயே மடக்கினார்கள். பலருக்கு விஷயமே அப்போதுதான் தெரிந்தது. ரீஃபண்ட் ஏன் வரவில்லை என்று விசாரிக்கப் போனால், ஒரு வருடத்துக்கு முன்பே தன்னை மோசடிக்காரர் என்று தீர்மானித்துவிட்டார்கள் என்று தெரிகிறது. திவால் மனு போட்டவர்கள் உண்டு. வீட்டை இழந்தவர்கள் உண்டு. வேலைக்குப் போன இடத்தில் பின்னணிச் சோதனையில் 'மோசடி' என்ற சொல் வந்து நின்றவர்கள் உண்டு.

அபராதமும் வட்டியும் போய்ச் சேர்ந்தது அந்த அமைப்பின் தனி நிதி ஒன்றில். 2011-இல் சுமார் 30 லட்சம் டாலர் இருந்த அந்த நிதி, 2016-இல் 15 கோடி டாலரைத் தாண்டியது. அதிலிருந்து 1 கோடி டாலரை எடுத்து மாநில பட்ஜெட்டின் பற்றாக்குறைக்குக் கொடுத்தார்கள். தண்டனைப் பணம் தண்டிக்கிற அலுவலகத்துக்கே போகும்போது, தண்டனையின் எண்ணிக்கை கூடினால் அங்கே யாருக்கும் கவலை வருவதில்லை.

யார் நிறுத்தினார்கள்

முதலில் கண்டுபிடித்தவர்கள் தணிக்கையாளர்கள் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் வேலையின்மை வழக்குகளை இலவசமாக எடுத்து நடத்தும் ஒரு மாணவர் பிரிவு இருந்தது. அங்கே ஒரே மாதிரியான வழக்குகள் அடுக்கடுக்காக வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் அதே இரண்டு கேள்வி, அதே பத்து நாள். சம்பளமோ வாரா வாரம் ஒரே தொகை, சென்ட் கணக்கு வரை மாறாமல். வாராவாரம் ஒரே தொகை என்பதைப் பார்த்ததும் இது யாரோ வகுத்த எண் என்பது புரிந்துவிடும். வழக்கு நீதிபதியிடம் போன இடங்களில் தொழிலாளி ஜெயித்தார். ஆனால் போனவர்கள் கொஞ்சம் பேர்.

2015 ஏப்ரலில் டெட்ராய்ட்டின் சுகர் சட்ட மையமும் வாகனத் தொழிலாளர் சங்கமும் பாதிக்கப்பட்டவர்களோடு சேர்ந்து மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஆகஸ்டில், ஆள் பார்க்காமல் இயந்திரமே தீர்ப்பு எழுதுவதை அமைப்பு நிறுத்தியது. 2017 தொடக்கத்தில் சமரசம் ஆனது. அதற்குள் மாநிலம் 22,427 தீர்ப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்திருந்தது. 93 சதவீதம் தவறு. அமைப்பின் தலைவர் பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

2017 ஆகஸ்டில் வந்த முழுக் கணக்கு இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியது. கணினி மட்டுமே முடிவெடுத்தவை 40,195. அவற்றில் 85 சதவீதம் தவறு. மனிதர் ஓரளவு தலையிட்டவை 22,589. அவற்றிலும் 44 சதவீதம் தவறு. இரண்டாவது எண்ணைப் பலரும் சொல்வதில்லை. ஓர் ஆளை உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் அந்த 44-ஐப் பார்க்க வேண்டும். இயந்திரம் 'மோசடி' என்று சிவப்பில் காட்டிய திரையின் முன் உட்காரும் ஊழியர், அன்றைக்கு நூறு கோப்பு முடிக்க வேண்டும் என்றால், நிறுவனத்துக்குப் போன் போட மாட்டார். சரி என்று அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போவார். எனக்குத் தெரிந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட மென்பொருள் எழுதுகிறவர்கள், சோதிக்கிறவர்கள். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'மனிதர் ஒருவர் பார்க்கிறாரா?' என்பதோடு முடியாது. அவர் பார்க்கும் திரையில் வாரக் கணக்கு இருக்கிறதா, வகுத்த எண் மட்டும்தான் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

உண்மையான வாரக் கணக்கு எப்போதும் நிறுவனத்திடம் இருந்தது. சம்பளச் சீட்டில் இருந்தது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

சட்டமும் மாறியது. 2016 இறுதியில், கணினி மட்டும் பார்த்து மோசடி என்று முடிவு செய்வதைத் தடை செய்தார்கள். 2017-இல் அபராதத்தைக் குறைத்தார்கள், எத்தனை வருடம் பின்னோக்கிப் போகலாம் என்பதற்கும் வரம்பு வைத்தார்கள். சுமார் 2.1 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதே கணக்கு, இன்னொரு கண்டத்தில்

மிச்சிகன் தன் தவறை ஒப்புக்கொண்டிருந்த அதே சமயத்தில், ஆஸ்திரேலியா அதே தவறை நாடு முழுவதும் செய்ய ஆரம்பித்திருந்தது. அங்கே உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. வருமான வரித் துறையிடம் இருப்பதோ வருடக் கணக்கு. வருட வருமானத்தை 26-ஆல் வகுத்து, 'இந்த இரண்டு வாரத்தில் நீ சம்பாதித்ததை மறைத்தாய்' என்று கடன் கடிதம் அனுப்பினார்கள். ரோபோடெட் என்று மக்கள் பெயர் வைத்தார்கள். 2019 நவம்பரில் மத்திய நீதிமன்றத்தில் அரசே அது சட்டப்படி செல்லாது என்று ஒப்புக்கொண்டது. 2021-இல் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த சமரசத்தின் மொத்த மதிப்பு சுமார் 180 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2023 ஜூலையில் அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. அந்த விசாரணையில், இந்தக் கடிதங்களுக்குப் பிறகு தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் தாய்மார்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 13-க்குப் பதில் 26. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது உறுதிமொழி கொடுக்கிறவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் சிலர் அமெரிக்காவில் இந்த வாராந்திரப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கலாம், அல்லது நிரப்பும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். மிச்சிகன் வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள சில உண்டு.

ஒரு சாதாரண நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஞாயிறு முதல் சனி வரைக்கும் ஒரு வரி: எந்த நாள் எத்தனை மணி நேரம் வேலை, மணிக்கு எவ்வளவு, படிவத்தில் என்ன எழுதினேன், எங்கே விண்ணப்பித்தேன். சம்பளச் சீட்டுகளை அதோடு வையுங்கள். சீட்டில் வேலை செய்த தேதிகள் இருக்கும், பணம் கொடுத்த தேதி தனியாக இருக்கும், இரண்டும் வேண்டும். வேலை நின்ற கடிதத்தையும் தொடங்கிய கடிதத்தையும் தொலைத்துவிடாதீர்கள். வகுத்த எண்ணை உடைக்க இந்தக் காகிதங்கள்தான் ஆயுதம். மிச்சிகனில் ஜெயித்தவர்கள் பெரும்பாலும் காகிதம் வைத்திருந்தவர்கள்.

வேலை கிடைத்த பிறகும் அந்த இணையக் கணக்கை மூடிவிட்டதாக நினைக்காதீர்கள். மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள், வீடு மாறினால் முகவரியை மாற்றுங்கள். கேள்வித்தாள் வந்தால், அவர்கள் கொடுத்த பதில்களில் எதுவும் உண்மைக்குப் பொருந்தாவிட்டால், 'வேறு' என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். தீர்ப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி இருக்கும். முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள், தொகையை அப்புறம் பார்க்கலாம். மேல்முறையீடு நடக்கும்போதும் வேலை இல்லாத வாரங்களுக்கு உறுதிமொழி கொடுப்பதை நிறுத்தாதீர்கள். ஜெயித்த பிறகு, உறுதிமொழி கொடுக்காத வாரத்துக்குப் பணம் கேட்பது மிகவும் கஷ்டம். அதோடு, வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். பல மாநிலங்களில் சட்டக் கல்லூரிகளும் இலவசச் சட்ட உதவி மையங்களும் இந்த வழக்குகளை எடுக்கின்றன.

எடுத்த பணம்

மாநில நீதிமன்றத்தில் நடந்த வழக்கு தனிக் கதை. 2015 செப்டம்பரில் தொடங்கியது. முதல் மனுதாரரிடம் அபராதமும் வட்டியுமாகச் சுமார் 20,000 டாலர் கேட்டிருந்தார்கள், அவருடைய வரி ரீஃபண்டை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அமைப்பே தன் தவறை ஒப்புக்கொண்டு எடுத்ததைத் திருப்பியது. அவரும் மற்றவர்களும் கேட்டது, எங்கள் சொத்தை விசாரிக்காமல் எடுத்தீர்கள், அரசியல் சட்டம் கொடுத்த உரிமையை மீறினீர்கள், அதற்கு நஷ்டஈடு வேண்டும் என்று.

மாநிலம் முதலில் சொன்ன பதில், தாமதமாக வந்துவிட்டீர்கள் என்பது. மாநிலத்தின் மேல் இப்படி வழக்குப் போட ஆறு மாதத்துக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதம் எப்போது தொடங்குகிறது? தீர்ப்புக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து என்றது மாநிலம், யார் கைக்கும் போய்ச் சேராத அதே கடிதங்களை வைத்துக்கொண்டு. பணத்தை எடுத்த நாளிலிருந்து என்றார்கள் மனுதாரர்கள். இந்த ஒரு கேள்விக்கே மூன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. 2019 ஏப்ரலில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், பணம் எடுத்த நாள்தான் கணக்கு என்றது.

அடுத்து, அரசியல் சட்ட உரிமையை மீறியதற்கு நஷ்டஈடு கேட்கவே முடியாது என்று மாநிலம் வாதாடியது. அது மறுபடியும் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஜூலை 26-இல் கேட்கலாம் என்று தீர்ப்பு. ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. அந்த அக்டோபரில் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் டேனா நெஸ்ஸல் 2 கோடி டாலர் சமரசத்தை அறிவித்தார். நீதிமன்றம் அதற்கு இறுதி ஒப்புதல் கொடுத்தது 2024 ஜனவரியில். முதல் மனுதாரரின் ரீஃபண்டை எடுத்தது 2015 ஜூனில்.

வாரம் 362 டாலர் என்ற உச்சவரம்பு அத்தனை வருடமும் அப்படியே இருந்தது. அதை மாற்றும் சட்டம் 2024 டிசம்பரில்தான் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 2-இல் அது 446 டாலர் ஆனது, பழையபடி 26 வாரமும் வந்தது.